பஷீரின் உம்மா கேட்ட கேள்வி

இன்னைக்குக் காலையில பத்திரிகையாளர்களுக்கான ஆன்லைன் பயிற்சி. செய்தியில யார் குரலெல்லாம் வருது, மக்கள் நம்மள ஏன் நம்பணும்னு பேச்சு. சங்கரன்கோவில்ல வீட்டுல இருந்தபடியே கேட்டுக்கிட்டிருந்தேன்.

நடுவுல ஒரு தலைப்பைக் கொடுத்து, பேசச் சொல்லி எங்களை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு விட்டாங்க. என் திரையில வந்தது யாரு? கடையநல்லூர் பஷீர்!

ஒரு காலத்துல நாங்க ரெண்டு பேரும் வேற வேற பத்திரிகையில நிருபர்கள். செய்திக்குப் போட்டி போடுவோம், பஸ்ஸுக்கு ஒண்ணா நிப்போம்.

அவன் தெருவுல தண்ணி வரலைன்னு நான் எழுதப் போனப்ப, நானும் ஒரு பொம்பளதான்னாலும் வெளியாளுன்னு அங்க உள்ள பொம்பளைங்க யாரும் எங்கிட்ட வாய் திறக்கல. அவன் உம்மாதான் என் கையைப் பிடிச்சு வீடு வீடாக் கூட்டிட்டுப் போனாங்க.

"நம்ம புள்ளதான், தைரியமாச் சொல்லுங்க."

செய்தி வந்த பிறகு அந்தத் தெருவுல எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு டீ உண்டு. அப்படி ஒரு காலம்.

இன்னைக்குக் கொடுத்த தலைப்பைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசல. பழைய கதையெல்லாம் பேசிச் சிரிச்சோம். "உம்மா, யாருன்னு பாருங்க"ன்னு பஷீர் போனைத் திருப்பினான். ரொம்பத் தளர்ந்திருந்தாங்க. ஆனா உடனே கண்டுபிடிச்சிட்டாங்க.

"ஏட்டி, இப்ப எந்தப் பேப்பர்ல இருக்கே?"

"பேப்பர் இல்ல உம்மா. யூடியூப் சேனல் நடத்துதேன்."

"அதுல தலைப்பெல்லாம் பயங்கரமால்லா போடுதாங்க. உள்ள நிசம் இருக்கா?"

பதில் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சு, எல்லாரையும் மறுபடி பெரிய கூட்டத்துக்கே இழுத்துட்டாங்க.

சேனலைப் பாக்குற நீங்களே சொல்லுங்க மக்கா. உம்மாவுக்குப் போன் பண்ணி என்ன சொல்லட்டும்?