கரடி கிடைக்காதவரின் தொலைபேசி எண்

ஜெர்மனியின் ஹம் நகரில் காய்கறிக் கடை திறந்தபோது, முன்பு வேலைசெய்த தொழிற்சாலையின் ஃபோர்மன் டீட்டரிடம் இராசநாயகம் பட்ட கடன் ஐயாயிரம் மார்க். எத்தனை முறை நீட்டியும் டீட்டர் அதை வாங்கவில்லை. இப்போது ஓய்வுபெற்ற டீட்டருக்கு ஒரே ஆசை, கனடாவில் வசந்தகாலக் கரடிவேட்டை. அவருடைய முழங்கால் ஒரு பயணத்துக்குத்தான் தாங்கும். அழைத்துப்போக நம்பகமான ஆளைப் பிடிக்கும் பொறுப்பை இராசநாயகம் ஏற்றார்.

"கோழி உரிக்கவே பயம், கரடிக்கு ஆள் பிடிக்கப் போறியளோ?" என்று மனைவி சிவமலர் சிரித்தாள்.

"அஞ்சாம் வகுப்போடை ரெண்டு கடை போட்டவன் நான். ஆளைப் பாத்தே எடைபோடுவன்!"

டீட்டரோடு போன டோர்ட்முண்ட் வேட்டைக் கண்காட்சியில், கனடாவிலிருந்து வந்திருந்த முதல் வேட்டை வழிகாட்டி, கரடி நிச்சயம் என்று சத்தியமே செய்தார். இராசநாயகம் நகர்ந்துவிட்டார். அழுகிய கத்தரிக்காயை முகம் கோணாமல் திருப்பி எடுப்பவனிடம் மட்டுமே சரக்கு வாங்கி வளர்ந்தவர் அவர். அடுத்த வழிகாட்டியிடம், "கரடி கிடைக்காமல் திரும்பியவர் யாருடைய நம்பராவது தாருங்கள்" என்றார். அந்த மனிதர் தயங்காமல் மூன்று எண்களை எழுதிக் கொடுத்தார். இராசநாயகம் அங்கேயே ஒன்றை அழைத்தார்.

"கரடி கிடைக்கவில்லைதான். ஆனால் அடுத்த வருடமும் அவரோடுதான் போவேன்" என்றது மறுமுனை.

டீட்டர் பர்ஸை எடுத்தார். இராசநாயகம் அவர் கையைத் தள்ளிவிட்டு, "இது உங்கள் பணம்தான், அந்த ஐயாயிரம் மார்க்" என்றபடி, கனடாக்காரர் விரித்த உள்ளங்கையில் முற்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு யூரோவையும் எண்ணி வைத்தார்.