மற்றப் பக்கத்துக்கு ஒரு பந்தி

ஊரில் போர் முடிகிற தறுவாயில் நான் ரொறன்ரோவில் இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரமாகக் கட்டுரை எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் ரெக்ஸ்டேல், பின்னேரம் ஸ்காபரோ. இடையில் பஸ்ஸும் சப்வேயும். பகுதிநேரக்காரருக்கு அறை கிடையாது. மாணவர்கள் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கன்ரீனில் மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசைக்கு வர வேண்டும். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. வாதக் கட்டுரை என்றால் அப்போது எனக்கு ஒரு பைத்தியம். எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கட்டுரையின் ஒரு பந்தியில் நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது விதி. புள்ளிகளில் பெரும்பங்கு அந்தப் பந்திக்குத்தான்.

வகுப்பில் கிளிநொச்சி அக்கா ஒருவர் இருந்தார், என்னைவிட மூத்தவர். இந்தப் பாடத்தில் சித்தியடைந்தால்தான் அவருக்கு நேர்சிங் படிக்க இடம். அவருடைய தமக்கை வன்னியில் ஷெல்லடிக்குள். போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோ நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தார். அதையே கட்டுரையாக்கினார்: வீதியை மறித்தது சரி. மற்றப் பக்கத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“மற்றப் பக்கம் எண்டு ஒண்டு இல்லை, மிஸ். எனக்குக் கை வராது.”

“அரசாங்கத்தின்ர பக்கத்தைக் கேக்கேல்லை, அக்கா. வீதியில மறிபட்டு நிண்ட ஆக்கள் இருப்பினம்தானே? ஒராளையும் தெரியாதோ?”

கட்டுரைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

“தெரியும். என்ர மனிசன்.”

கணவர் பேக்கரி வான் ஓட்டுகிறவர். அன்று பிறந்தநாள் கேக்குகளோடு அதே வீதியில் மாட்டிக்கொண்டாராம்.

“கேக் உருகுது, உவை எப்ப எழும்புவினம் எண்டு போன் எடுத்தார். நானும் உவையோடதான் இருக்கிறன் எண்டன். அப்ப கொஞ்சம் அங்கால அரக்கி இருமப்பா, வான் போற அளவுக்கு எண்டார்.”

சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நாட்களில் சிரிக்கவே எங்களுக்குக் கூச்சம்.

“அதை எழுதுங்கோ.”

“வேலை போயிடுமெண்டு பயந்து போன் எடுத்தவர். உது ஒரு நியாயமோ?”

“அதைத்தானே அடுத்த பந்தியில சொல்லப்போறியள்.”

அடுத்த வாரம் போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. மறுநாள் கட்டுரை கொடுக்கும் நாள். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முகம் வீங்கிப்போய் வந்தார். தமக்கையைப் பற்றித் தகவல் இல்லை.

கன்ரீன் மேசையிலேயே கட்டுரையைப் படித்தேன். ஹோர்ன் அடிக்கும் கார்களுக்கு நடுவில், தன் சனத்துக்கு எதிராகத் தானும் அடிக்க மனமில்லாமல், முதலாளிக்கு என்ன சொல்வதென்றும் தெரியாமல் ஒரு மனிதர் வானுக்குள் இருந்தார். வகுப்பில் வேறு யாரும் மற்றப் பக்கத்தை இவ்வளவு பரிவோடு எழுதியிருக்கவில்லை. முடிவுரைதான் இல்லை.

“மறிச்சா சண்டை நிக்கும் எண்டு எழுதியிருந்தனான், மிஸ். இப்ப என்னத்தைச் சொல்லி முடிக்கிறது?”

முடிவுரைக்குப் புள்ளி ஒன்றும் போடாமல் மிச்சத்தைக் கூட்டினேன்.

“நேர்சிங்குக்கு இந்தப் புள்ளி காணுமோ?”

“காணும், அக்கா.”

மேசையிலிருந்தபடியே கணவருக்குப் போன் எடுத்தார். “பாஸாம்,” என்றார். பிறகும் போனை வைக்காமல் நெடுநேரம் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.