பத்து ப்ளை டயரும் அத்தை வீட்டுச் சாமானும்

உட்கார்ந்த இடத்தில் உட்காரும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் டிரைவரைத் தேடிக்கொண்டு டீக்கடைக்கே போய்விடுவேன். இந்த அவசரத்தால் நான் கெடுத்த காரியங்களில் முதலாவது, எனக்கு ஒன்பது வயதில் நடந்தது.

ஆந்திராவும் மெட்ராஸும் எல்லையைப் பேசி முடித்திருந்த சமயம். எங்கள் ஊர் சித்தூர் இந்தப் பக்கம், ஆந்திராவில்; திருத்தணி அந்தப் பக்கம், மெட்ராஸில் என்றாகிவிட்டது. அத்தையின் வீட்டுக்காரர் சர்க்கார் குமாஸ்தா. அந்தப் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, முன்னதாகவே பஸ்ஸில் போய்த் திருத்தணியில் வீடும் பார்த்துவிட்டார். அத்தை என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, அக்கா. தாயில்லாத நைனாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கல்யாணமான பிறகும் எங்களுக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தாள்.

அத்தை குடிபோகும் நாளுக்கு மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அங்கே பால் காய்ச்சாவிட்டால் இன்னும் ஒரு மாதம் அத்தை சித்தூரில், மாமா ஓட்டல் சோற்றில். சாமான் ஏற்ற நைனாவின் சொந்த லாரி இருந்தது. அதில் எனக்கும் இடம் என்றதும் தலைகால் புரியவில்லை.

நைனாவுக்கு டயர் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. ஏற்றுகிற பாரம் எவ்வளவு, அதைத் தாங்க டயரில் எத்தனை அடுக்கு, அதாவது எத்தனை ப்ளை வேண்டும், அதற்கு எத்தனை பவுண்டு காற்று என்று வரிசையாக யோசிப்பார். காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சூடான டயரில் பவுண்டு ஏறித்தான் காட்டும், அதற்குப் பயந்து காற்றை இறக்குகிறவன் மடையன் என்பார். மற்ற டிரைவர்களிடம் அவர் போட்ட கூச்சலிலேயே எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

காலை பத்து மணிக்குச் சாமான் ஏற்றியாகிவிட்டது. ஊர்க்கோடியில் பெட்ரோல் பங்க்கில் லாரியை நிறுத்தி, நைனா பவுண்டு பார்க்கும் குழலை எடுத்தார். பார்த்தார். காற்று அடித்தார். மறுபடி பார்த்தார். பின்னால் ஜோடி டயரில் ஒன்று பத்து ப்ளை, ஒன்று பன்னிரண்டு, இந்தப் பாரத்துக்கு ஒத்து வராது என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்ததை வெளியே மாட்டினார். பிறகு அதுவும் பிடிக்காமல் பழையபடியே மாட்டினார். பங்க்காரர் “மள்ளீ காலா அன்னா?” என்று தெலுங்கில் சிரித்தார். மறுபடியும் காற்றா அண்ணே என்று கேட்கிறார். நைனா சிரிக்கவில்லை.

நான் லாரியைச் சுற்றினேன், ஏறினேன், குதித்தேன். திருப்பதி பஸ் நாலு, வேலூர் பஸ் மூன்று போய்விட்டன. எனக்கு அழுகையே வந்தது. அத்தை முன் சீட்டில் மடியில் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போன வாரம் லாரியில் ஏற்றிய வெல்லத்துக்கு வந்த எறும்புகள் அவள் புடவையில் ஊர்ந்தன. தட்டிவிடவும் இல்லை.

மத்தியான வெயிலில் டயர்கள் கொதித்தன. நைனா குனிந்து ஒன்றிலிருந்து காற்றை இறக்கத் தொடங்கினார்.

“நைனா, சூட்டுல காத்த எறக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?”

“பாரம் ஜாஸ்திம்மா. டயர் தாங்காது. ரெண்டு மணி நேரம் ஆறட்டும், பாக்கலாம்.”

“போன வாரம் எண்பது மூட்ட வெல்லம் ஏத்திக்கினு மெட்ராஸ் போனியே. அப்ப தாங்குச்சே. அத்தகிட்ட ரெண்டு கட்டிலு, ஒரு பீரோ, நாலு அண்டாதான கீது?”

பங்க்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நைனா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் குழலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வண்டிய எடுடா. போலாம்.”

நைனா இறக்கிய காற்றை அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால் திருத்தணியில் பால் பொங்கியது. புறப்படும்போது அத்தை என் தலையைத் தடவி, “உங்க நைனாவுக்குக் கணக்கு நல்லாத் தெரியும்டி” என்றாள். பெரியவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது லாரி காலி. நைனா ஒரு டயரையும் தொட்டுப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய நைனாவைக் கணக்கில் ஜெயித்த சந்தோஷத்தில், அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் கால் நீட்டித் தூங்கிப் போனேன்.