செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம்

எங்கள் வீட்டில் கை அக்காவுக்கு, வாய் எனக்கு. மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா என்றால் என் ஓரகத்தி உல்கன்; மூத்தவரின் மனைவி. நான் ஜூரா, இளையவரின் மனைவி. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் அக்காவின் மகன் பெக்தூரோடு இன்னும் குதிரை மேய்க்கிறோம்.

ஒவ்வொரு கோடையிலும் மலைமேல் சுசமிர் புல்வெளிக்கு ஏறி, கம்பளிக் கூடாரம் போட்டு, பெண்குதிரைகளைக் கறந்து, அந்தப் பாலைப் புளிக்க வைத்து குமிஸ் ஆக்கி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. நான் குட்டியைக் கொண்டுவந்து தாயிடம் இரண்டு வாய் குடிக்க விட்டு இழுத்துப் பிடிப்பேன். அக்கா ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, மறு தொடையில் வாளியைத் தாங்கிக் கறப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருட்டும் வரைக்கும். நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட காஷ்கா என்ற குதிரை அக்கா கையைத் தவிர வேறு கையைத் தொட விடாது. நான் ஒருமுறை முயற்சி செய்தேன். அந்தத் தழும்பு இன்னும் தொடையில் இருக்கிறது, காட்டத்தான் முடியாது.

அக்காவின் குமிஸைக் குடிக்க பிஷ்கெக் நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மூட்டுவலிக்காரர்கள், நெஞ்சுச்சளிக்காரர்கள், வயிறு சரியில்லாதவர்கள். பத்து நாள் தங்கிக் குடித்துவிட்டு, கன்னம் சிவந்து, அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவளுக்கு டாக்டர் எலும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்றால் எங்கள் மானம் என்ன ஆகும்?

ஆனால் எழுதித்தான் கொடுத்தார். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயதான அந்த பிப்ரவரியில், கிணற்றுக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. பெரிதாகக்கூட விழவில்லை, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். பெக்தூர் பயந்துபோய் பிஷ்கெக்குக்குக் கூட்டிப்போய் எலும்பு அடர்த்திப் படம் எடுத்தான். மிர்குல் என்ற பெண் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"எலும்பு அடர்த்தி மைனஸ் மூணு புள்ளி ஒண்ணும்மா. எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா ஆயிடுச்சு. இந்தத் தடவை மணிக்கட்டு. அடுத்த தடவை இடுப்பா இருக்கலாம். வாரத்துக்கு ஒரு மாத்திரை போட்டா அந்த ஆபத்து நிறைய குறையும். போடறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"போடலேன்னா?"

"அப்ப உங்க மகன் உங்களைக் குதிரைகிட்ட விடக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையைப் பெக்தூர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான். "அம்மா, மாத்திரை போடலேன்னா இந்த வருஷம் மலைக்கு வராதே. ஊர்லயே இரு. காஷ்காவை வித்துடலாம்." அக்கா அடுப்பில் வறட்டியைத் திணித்துக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் திணித்தாள்.

நான் சும்மா இருப்பேனா? மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன். தொண்டைக் குழாய் புண்ணாகலாமாம். அபூர்வமாகத் தாடை எலும்பு கெட்டுப்போகலாமாம். "அக்கா, எலும்புக்குன்னு மாத்திரை கொடுத்து தாடை எலும்பைப் பிடுங்கப் பாக்கறாங்க. நம்ம குமிஸைக் குடிச்சு ஊரே எழுந்து நடக்குது, நீ மாத்திரை முழுங்கினேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்ம கூடாரத்துக்கு வருவான்?"

"வாயை மூடுடி," என்றாள்.

அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். மாமியார் இடுப்பு உடைந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். நானும் அக்காவும்தான் தூக்கினோம், திருப்பினோம், துடைத்தோம். அவ்வளவு பெரிய மனுஷி, கடைசியில் தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்பட்டார். அக்காவுக்கு மாத்திரை மேல் பயம், படுக்கை மேல் அதைவிடப் பயம், என் கேலி மேல் கொஞ்சம் பயம். ஒரு மாதம் அந்தப் பெட்டி அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

மார்ச் கடைசியில் ஒரு காலை பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "போட்டுப் பாக்கறேன். நீ கூட இரு," என்றாள். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். காலையில் வெறும் தண்ணீரா! எங்கள் ஊரில் நாய்கூடக் கொஞ்சம் சூடாக எதிர்பார்க்கும். குளிர்ந்த தண்ணீரை வெறும் வயிற்றில் ஊற்றினால் குடல் சுருண்டுவிடும் என்று சொல்லி, நான் உப்பும் வெண்ணெயும் போட்டுப் பால் டீ கலந்து கிண்ணத்தை நீட்டினேன். கூடவே ரொட்டி. வீட்டுக்கு வந்தவள் ரொட்டியை வாயில் வைக்காமல் போகலாமா? மாத்திரையை டீயில் விழுங்கினாள், ரொட்டியைக் கடித்தாள். "களைப்பா இருக்கே, சித்த படுத்துக்கோ," என்று தலையணையும் நான்தான் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் நெஞ்சு எரிந்தது. மூன்று நாள் எச்சில் விழுங்க முடியாமல் தவித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொன்னேனா இல்லையா!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

பெக்தூர் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"எதோட முழுங்கினீங்கம்மா?"

"டீயோட."

"வெறும் டீயா?"

"பால் டீ. வெண்ணெய் போட்டது. ரொட்டியும் தின்னேன்."

"அப்புறம்?"

"படுத்தேன்."

"அம்மா, பால் பட்டா அந்த மாத்திரை உடம்புல சேரவே சேராது. படுத்தா தொண்டையிலேயே நின்னு அரிக்கும். யார் இந்த யோசனை சொன்னது?"

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. "நானேதான்," என்றாள்.

தொண்டை ஆறும் வரை நிறுத்தச் சொன்னார் டாக்டர். திரும்பவும் எரிந்தால் ஊசி இருக்கிறது, யோசிக்கலாம் என்றார். குதிரைச் சவாரி மட்டும் இனி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நடக்கலாம், முதுகை வளைக்காமல் மண்டியிட்டுக் கறக்கலாம்.

போனை வைத்ததும் பெக்தூர் வாயைத் திறக்கும் முன் அக்கா பேசினாள். "மாத்திரை மேல தப்பில்லை. இவ டீ மேலதான் தப்பு. ஜூரா, கேட்டுக்கோ. மாமியாரைத் தூக்கினோமே, நீ தலைப்பக்கம், நான் கால்பக்கம். என்னைத் தூக்க உனக்கு யார் துணை? நான் போடறேன். ஊர் என்ன வேணா சொல்லட்டும்."

தாடைக்கு ஆபத்து வரக் கூடாது என்று, முன்கூட்டியே பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தன் சேணத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெக்தூர் கையில் கொடுத்தாள். ஐந்து வயதில் குதிரை ஏறியவள். அன்று கூடாரத் துணி தைக்கிறேன் என்று திரும்பி உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன்.

ஜூனில் மலைக்கு ஏறினோம். செவ்வாய்க்கிழமை மாத்திரை நாள். அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும், எதையும் வாயில் வைக்கக் கூடாது. புல்வெளியில் அது லேசா? கூடாரத்துக்குக் கூடாரம் ரொட்டியை நீட்டுவார்கள், மறுத்தால் முகம் சுண்டிப்போகும். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓடைத் தண்ணீரை ஒரு கிண்ணம் நிறையக் குடித்து மாத்திரையை விழுங்குவாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு, மேய்ந்து நிற்கும் குதிரைகளை ஓட்டிவர மேட்டுக்கு நடப்பாள். வழியில் யாராவது ரொட்டியை நீட்டினால் ஒரு துண்டு பிய்த்து, நெற்றியில் ஒற்றி, பையில் போட்டுக்கொள்வாள். "வர்றப்ப சாப்பிடறேன்மா." திரும்பி வரும்போது அரை மணி தாண்டியிருக்கும். குதிரைகளுக்கு நடுவே ரொட்டியை மென்றுகொண்டே வருவாள். நெஞ்செரிச்சல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் ஒரு செவ்வாய்கூடத் தப்பவில்லை. திரும்பப் படம் எடுத்தபோது எலும்பு மைனஸ் இரண்டு புள்ளி ஆறுக்கு ஏறியிருந்தது. டாக்டர் எழுந்து கைகுலுக்கினாராம்.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். பிஷ்கெக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் கறப்பதை வேடிக்கை பார்த்து நின்றார்கள். அக்கா மண்டியிட்டுக் காஷ்காவைக் கறந்துகொண்டிருந்தாள். குதிரை ஈ கடித்ததோ என்னவோ, காஷ்கா உடம்பைத் திருப்பி ஒரே இடி. அக்கா பக்கவாட்டில் விழுந்தாள். இடுப்பு தரையில் மோதிய சத்தம் என் காதில் விழுந்தது. நான் குட்டியை விட்டுவிட்டு "ஐயோ அக்கா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். மாமியாரின் படுக்கை, அந்த வாடை, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது.

அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். ஒரு காலை நீட்டினாள், மடக்கினாள். மறு காலை நீட்டினாள், மடக்கினாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி, குட்டியை எதுக்கு விட்டே? எல்லாப் பாலையும் குடிக்குது பார், பிடிடி!"

எழுந்து நின்றாள்! தானாகவே, என் கையைக்கூடப் பிடிக்காமல். பாவாடையில் ஒட்டிய சாணியைத் தட்டிவிட்டு, காஷ்காவின் வயிற்றில் ஒரு அடி போட்டுவிட்டு, மறுபடி மண்டியிட்டாள். நான் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கோவென்று அழுதேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

அதில் ஒரு தடித்த அம்மா நெஞ்சில் கை வைத்துக் கேட்டாள். "எழுபது வயசுல இப்படி விழுந்தும் எழுந்துட்டீங்களே! எல்லாம் குமிஸ் மகிமைதானே?"

"ஆமா, வேற என்ன!" என்று நான் முந்திக்கொண்டேன். பழக்க தோஷம்.

அக்கா கறப்பதை நிறுத்தாமல், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "குமிஸும் உண்டு, நடையும் உண்டு, செவ்வாய்க்கிழமை மாத்திரையும் உண்டு. என் குமிஸ் நல்ல குமிஸ். அதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. அந்த அம்மா அன்று சாயங்காலம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையில் ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்த எலும்பு மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டினாள். நான் பெக்தூரைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், எனக்கும் அந்தப் படத்தை எடுத்துடுடா," என்றேன்.

என் எலும்பும் சல்லடைதானாம்; இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஓடைக்கரையில் மாத்திரையோடு இரண்டு பேர் நிற்கிறோம். அக்கா கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி என் கையில் தருகிறாள்.

"முழுசா குடி. டீயை மனசுல நினைச்சுக்கூடப் பாக்காதே."

குடித்துவிட்டு, ரொட்டித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, நாங்கள் மேட்டில் ஏறுகிறோம். அவள்தான் முன்னால் நடக்கிறாள்.