மூடிமேல் சிவப்பு வட்டம்

அப்பா இருபத்திரண்டு வருடம் பாதாளச் சாக்கடைப் பிரிவில் மேஸ்திரியாக இருந்தார். அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, சிவப்புச் சாக்கட்டி இருக்கும். குழிக்குள் விஷவாயு தேங்கியிருந்தால், மேன்ஹோல் மூடியின் மேல் வட்டம் போட்டுக் குறுக்கே இரண்டு கோடு இழுப்பார். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால் இறங்க மாட்டார்கள். எழுதிப் போடலாம்தான். ஆனால் ஆட்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. இது அப்பாவே உண்டாக்கிய குறி. மற்ற மேஸ்திரிகளும் எடுத்துக்கொண்டார்கள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எழுத்தாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் குறியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். மறு வருடம் அவருடைய நாவல் வந்தது. நகரத்துக்குக் கீழே இன்னொரு நகரம். யாரையாவது பறிகொடுத்தவர்கள் கண்ணுக்கு மட்டும் அதன் வாசல் தெரியும். வாசல் என்றால் மேன்ஹோல் மூடி. அதன்மேல் சிவப்பு வட்டம், இரண்டு கோடு.

ஒரு கோடு இருப்பவர்கள், மற்றது இறந்தவர்கள், இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை என்று ஒரு விமர்சகர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன். ஒரு கோடு மட்டும் போட்டால் சேற்றில் தெரியாது, அதனால்தான் இரண்டு என்றார் அப்பா. ஆனாலும் புத்தகத்தை வேலைக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் அட்டையைக் காட்டினார்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாவல் பிடித்துப்போயிற்று. தெருவுக்குத் தெரு மூடிகளில் வட்டம் முளைத்தது. வாயு பார்க்கும் கருவி இரண்டு குழுவுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வட்டத்துக்கும் கருவி வரும்வரை காத்திருந்து, ஒன்றுமில்லை என்று கண்டு, துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதற்குள் மதியமாகிவிடும். அதிகாரி வாய்க்கு வந்தபடி பேசுவார். அப்பாவின் குழுவில் எக்ஸ்பிரஸ் என்று ஒருவர் இருந்தார். ஆமை நடை நடப்பதால் வந்த பெயர்.

"மேஸ்திரி, உங்க மச்சான் இங்கயும் ஒரு வாசல் வெச்சிருக்காரு. உள்ள போயி எங்க மாமியாரப் பாத்துட்டு வரவா? வேணாம், அப்புறம் கூடவே வந்துரும்" என்பார்.

அப்பா மாமாவின் வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். அடுத்த பதிப்பின் முன்னால் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், இது நிஜமான எச்சரிக்கைக் குறி, தெருவில் வரையாதீர்கள் என்று போட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

"குறியீட்டுக்கு விளக்கம் எழுதினா அது செத்துப்போகும் அத்தான்" என்றார் மாமா.

"ஒரு பக்கந்தானே மச்சான்."

பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு மூன்று பதிப்பு வந்தது. அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஒரு பள்ளிக்கூட வாசலில் சாக்கடை பொங்கி வழிந்தது. மூடியில் வட்டம் இருந்தது. கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. கருவி அடுத்த குழுவிடம். அதிகாரி இரண்டு முறை போன் செய்துவிட்டார். அப்பா குனிந்து பார்த்தார். பிள்ளைகள் கிறுக்கியது என்று சொல்லி எக்ஸ்பிரஸை இறங்கச் சொன்னார். முந்தின ஷிப்டின் மேஸ்திரி வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் வரைந்த வட்டம் அது. எக்ஸ்பிரஸ் நான்கு படி இறங்கினார். கயிற்றை இழுத்து வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரணையில் அப்பா எதையும் மறைக்கவில்லை. அவரைக் கிடங்கில் கையுறை எடுத்துக் கொடுக்க உட்கார்த்தினார்கள். குறியை விட்டுவிட்டு, எண் போட்ட தகரப் பட்டைகளை மூடியில் மாட்டச் சொன்னது அலுவலகம்.

ஐந்தாம் பதிப்போடு மாமா வீட்டுக்கு வந்தார். அட்டையில் வட்டம் இப்போது தொட்டால் கைக்குத் தட்டுப்படும்படி மேடாக இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கீழே ஒரு வாசலைத் திறந்து போன தோழருக்கு.' அப்பா விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"எக்ஸ்பிரஸுக்குத்தான் அத்தான்" என்றார் மாமா.

"அவன் திறக்கல. நான் எறங்கச் சொன்னேன், எறங்கினான். போடறதா இருந்தா அதப் போடு."

மாமா அந்த வரியை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார்.

"அது நல்லா இருக்காது அத்தான்."

அம்மா கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.