ராத்தாவின் கிளினிக் கொப்பி

இரண்டு வருடங்களுக்கு முன்பு நோன்புப் பெருநாளுக்காகக் கனடாவிலிருந்து இலங்கைக்கு, எங்கள் ஊரான கிண்ணியாவுக்குப் போயிருந்தேன். பெருநாளுக்கு மறுநாள் வீட்டுப் பிள்ளைகள் குறிஞ்சாக்கேணிப் பக்கம் களப்பில் நண்டு பிடிக்கக் கிளம்பினார்கள். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே என்ற வீறாப்பில் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினேன். சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டி இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் காலையில் கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்து, காய்ச்சலில் உடம்பு நடுங்கியது.

என் ராத்தா, அதாவது என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா, எதற்கும் உடனே முடிவெடுப்பவள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆனால் நீ நீயாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"வெளிநாட்டுப் பாஸ்போட்காரருக்கு இலவசம் இல்லையாம். நீ என்ட பேரில வா. என்ட கிளினிக் கொப்பி இரிக்கு. வாயத் திறக்காத புள்ள, நான் கதைக்கிறன்."

ராத்தாவுக்குச் சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், பிரஷரும் உண்டு. மாதாமாதம் டாக்டர்கள் எழுதுவதெல்லாம் அந்த ஒரு கொப்பியில்தான் இருக்கிறது. அவள் பெயரில் போவது பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயணக் காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏறிய என் கஞ்சத்தனம் என்னை ஊமையாக்கிவிட்டது. ராத்தாவின் அபாயாவைப் போட்டுக்கொண்டு ராத்தாவாகவே போனேன். துணைக்கு வந்த ராத்தா எனக்குத் தங்கச்சியானாள்.

முதலில் தாதி விரலில் குத்திச் சீனி பார்த்தார். "இந்த முறை நல்லாக் குறைச்சிருக்கிறீங்கள் அம்மா!" என்று பாராட்டினார். எனக்கு என்றைக்குமே சீனி இருந்ததில்லை. ராத்தாவோ பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே இளம் சிங்கள டாக்டர். நிதானமாக, அழகாகத் தமிழ் பேசினார். காலைப் பார்த்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினார்.

"போன வருசம் நெஞ்சு நோவு வந்து நாலு நாள் வார்டில இருந்தது தானே அம்மா? இப்ப நோவு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்தாவைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ஒண்டும் இல்ல டொக்டர்" என்றாள். அதற்கு முந்தின வருடம் ஒருநாள் நான் அழைத்தபோது, மூதூரில் கல்யாண வீட்டில் நிற்கிறேன், ஒரே சத்தம் என்று அவசரமாகப் போனை வைத்தாளே, அது நினைவுக்கு வந்தது. டாக்டர் மேற்கொண்டு என்ன கேட்டார், ராத்தா என்ன பதில் சொன்னாள் என்று எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த நிலையில்தான் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தாதி ஊசியோடு வந்தார். "பென்சிலின் வகை ஊசி. முந்தி போட்டிருக்கிறீங்களா? ஒத்துக்கொண்டதா?"

"ஓம் மிஸ், ரெண்டு தரம் போட்டது. ஒண்டும் செய்யேல்ல" என்றாள் ராத்தா. உண்மைதான், அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்கோ கனடாவில் ஒரேயொரு பென்சிலின் மாத்திரையில் முகம் வீங்கி, மூச்சடைத்து, அம்புலன்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். பயப்படுவாள் என்று அதை ராத்தாவிடம் சொல்லவே இல்லை.

"வேணாம்! நான் அவ இல்ல, இது என்ட கொப்பி இல்ல!" என்று கத்தியபடி கையை இழுத்துக்கொண்டேன்.

தாதி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "இதென்ன கதை அம்மா? கொப்பி ஒருத்தருக்கு, கால் இன்னொருத்தருக்கா? ஆரெண்டு சொன்னாத்தானே நாங்கள் மருந்து குடுக்கலாம்?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே என் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தார். டாக்டர் கோபிக்கவில்லை. பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆங்கிலத்தில் சொன்னதும் வேறு மருந்து எழுதி, முதலில் ஊசி, பாஸ்போட் பிறகு என்றார்.

காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் அலுவலகத்துக்குப் போனோம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தனி விதி, கட்டணம் உண்டு, ஆனால் அவசரத்துக்கு வந்தவரை யாரும் திருப்பி அனுப்பமாட்டோம் என்று எழுதுவினைஞர் பொறுமையாக விளக்கினார். ராத்தா விடவில்லை. "இந்த ஆஸ்பத்திரியிலதான் தம்பி இவ பிறந்தவ. இவ எப்படி வெளியாள்?" அவர் சிரித்துவிட்டார். "பிறந்தது சரி உம்மா, பாஸ்போட் வேற கதை சொல்லுதே!" நான் மனநிறைவோடு கட்டணத்தைச் செலுத்தினேன்.

ராத்தா எதிர்க் கடையில் புதுக் கொப்பி ஒன்று வாங்கி வந்தாள். டாக்டர் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி, அதன் கீழே சிவப்பு மையில் 'பென்சிலின் கூடாது' என்று எழுதினார். அதைப் படித்ததும் ராத்தா என் கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள்.

"இத ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்க உங்கட நெஞ்சு நோவச் சொன்னீங்களா?"

இரண்டு பேரும் மருந்து கொடுக்கும் இடத்துக்கு முன்னால் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து அழுதோம். மருந்துக்கு நின்ற வரிசை முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் முகம் தெரிந்ததும் ராத்தா சொல்லும் முதல் வார்த்தை, "கொப்பிய எடு புள்ள." அவள் தன்னுடையதை வாசிப்பாள், நான் என்னுடையதை வாசிப்பேன், அதன் பிறகுதான் ஊர்க்கதை. எனக்காகத் தன் பெயரையே தூக்கிக் கொடுக்கத் துணிந்தவளிடம் இத்தனை வருடங்கள் நல்ல செய்தியை மட்டுமே சொல்லி வந்தேனே என்று, அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.