சிவஞானம் மாமாவின் இடது கால்

தன்னைச் சிலையாக வைக்கப் போகிறார்கள் என்று சிவஞானம் மாமா வந்து சொன்னபோது செல்லம் அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"உயிரோட இருக்குற ஆளுக்கு எவன் சிலை வைக்கிறான்? எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்க."

மாமா சிரித்தார். நான் அத்தையிடம் வாங்கியிருந்த இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். டெலானிபூர் மேட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்வீடு அவர்களுடையது. சாலையிலிருந்து எங்கள் வாசல் வரை ஒரு வரிசைப் படிகள், அங்கிருந்து அவர்கள் வாசலுக்கு அதைவிடச் செங்குத்தான இன்னொரு வரிசை. அத்தனையிலும் மாமா கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறுவார். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து இளவயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். மர டிப்போவில் மஸ்தூராக, கூலியாளாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். படாக் மரங்களைக் காலால் உந்தி உருட்டிய வேலை. முழங்காலுக்குக் கீழே அவருடைய சதை கயிறு முறுக்கியதுபோல் இருக்கும். வேட்டியை அவர் எப்போதும் மடித்தே கட்டியதற்கு அதுதான் காரணம் என்று அத்தை சொல்வார்.

அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். மின்னி பே பக்கம் ஒரு புதிய ரிசார்ட் வருகிறது. அதன் முற்றத்தில், அந்தக் காலத்தில் காட்டு மரம் இழுத்த தொழிலாளிகளின் உருவங்களை ஃபைபரில் செய்து வைக்கப் போகிறார்கள். கல்கத்தாவிலிருந்து கௌதம் என்று ஒரு சிற்பி வந்திருக்கிறார். அவர் கையால் செதுக்குவதில்லை. உயிருள்ள ஆளின் உடம்பிலேயே பிளாஸ்டர் துணியை நனைத்துச் சுற்றி, அது இறுகியதும் ஓடுபோலக் கழற்றி எடுப்பார். அந்த ஓடுதான் அச்சு. ஒவ்வொரு ஆளிடமும் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். முகம் ஒரு வங்காளிக் கிழவருடையது. தோள் ஹாடோவில் இருக்கும் ஒரு ராஞ்சிக்காரருடையது. இடுப்புக்குக் கீழே மாமா.

"அப்ப சிலைன்னு சொல்லாதீங்க. காலுன்னு சொல்லுங்க" என்றார் அத்தை.

"நடக்குறது எது? முகமா நடக்குது?"

பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்து வைத்தார். வாஸ்லைன். பிளாஸ்டர் தோலைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பூசுவது. முடி அதற்குள் படுத்து மறையும்வரை கெட்டியாக அப்ப வேண்டும் என்று கௌதம் சொல்லியிருந்தார். அவருடைய உதவியாள்தான் எல்லோருக்கும் பூசுகிறானாம். ஆனால் அறுபது வயதைத் தாண்டியபிறகு இன்னொருவன் தன் தொடையில் கைவைத்துத் தேய்ப்பதை மாமாவால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டிலேயே பூசிக்கொண்டு வருகிறேன் என்று டின்னைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து டின்னைத் திறந்து முகர்ந்தார். இது பெட்ரோலிலிருந்து எடுப்பதாம், யாரோ சொன்னார்களாம்.

"இதத் தேச்சுக்கிட்டு பீடியப் பத்த வைங்க. சிலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாமாவுக்கும் அது பிடிக்கவில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. சௌல்தாரியில் அவருடைய தம்பியின் தோட்டத்துக் காயை ஆட்டியது. தலைக்கு, மேலுக்கு, வெட்டுக்காயத்துக்கு என எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

"பலாப்பழம் வெட்டுறப்ப கையில என்ன தடவுறோம்? அந்தப் பாலே ஒட்ட மாட்டேங்குது. சுண்ணாம்புத் துணியா ஒட்டிரப் போகுது?" என்று மாமா கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கிளம்பும்போது அத்தை இன்னொன்று கேட்டார். சர்க்கரை வியாதி இருப்பதை அந்தச் சிற்பியிடம் சொன்னீர்களா என்று.

"அவன் கேக்கல. நான் சொல்லல. சொன்னா வேற காலைப் பாத்துட்டுப் போயிருவான்."

டின் அத்தையின் குதிகால் வெடிப்புக்கு என்று முடிவாயிற்று.

மறுநாள் நடந்ததை மாமா பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிரிப்போடு. பஸ்ஸில் மின்னி பே போய்ச் சேர்வதற்குள் தோல் எண்ணெயைக் குடித்துவிட்டது. மேலே பளபளப்பு மட்டும் மிச்சம். கௌதம் விரலால் ஒரு இடத்தில் தொட்டுப் பார்த்தார். வழுக்கியது. "லகா லியா?" என்று, பூசியாயிற்றா எனக் கேட்டார். மாமா, "பூரா லகா லியா, சாப்" என்றார். எதைப் பூசினேன் என்று சொல்லவில்லை. அவர் கொடுத்த மருந்தைப் பூசவில்லை என்றால் அவமதித்ததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாராம்.

இடது காலை முன்னால் ஊன்றி, மரத்தை உந்துவதுபோல் நிற்கச் சொன்னார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் ஏதாவது பேசுவார்கள், நெளிவார்கள். மாமா அசையவே இல்லை. கௌதம் அதைப் பாராட்டினார். முழங்காலுக்குக் கீழே மாமாவுக்கு ஏற்கெனவே பாதி உணர்ச்சிதான் இருந்தது. அது அவருக்குத் தெரியும், கௌதமுக்குத் தெரியாது.

கழற்றும்போது தொடைப் பக்கம் விட்டது. கீழே விடவில்லை. முடியெல்லாம் பிளாஸ்டருக்குள் போய் இறுகியிருந்தது. உதவியாள் தயங்கினான். மாமாதான் இழு என்றார். இழுத்ததில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ஓட்டோடு போய்விட்டது.

கௌதமுக்கு முகம் வெளுத்துப்போனது. உதவியாளைத் திட்டினார். பிறகு மாமாவின் காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்து, எண்ணெய் வாடையை முகர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். மரம் உருண்ட கால் இது, இதெல்லாம் ஒரு காயமா என்று மாமா போகவில்லை. அச்சு மட்டும் அருமையாக வந்திருந்தது. உள்ளே முடிகள் வேர் மேலாக நின்றுகொண்டிருந்தன. கௌதம் இடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியதை மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம்.

அடுத்த நாள் கட்டோடு மறுபடியும் போனார். வலது கால் பாக்கி இருந்தது. "ஒத்தக் கால வச்சு அவன் என்ன செய்வான்?" என்றார். அன்றைக்கு உதவியாள் வாஸ்லைனை அப்பினான், மாமா கண்ணை மூடிக்கொண்டார். பிளாஸ்டர் வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது.

இடது கால் புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்துப் பார்த்தார்கள், அதே எண்ணெயையும் வைத்துப் பார்த்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. படியெல்லாம் பாசி, எப்போதும் ஈரம். மாமா ஈரத்திலேயே ஏறி இறங்கினார். திறப்பு விழாவுக்கு முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போனார். உருவத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவர் நேராக நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் ஒரு கையால் அந்த ஃபைபர் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாதம் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கௌதம் கல்கத்தாவிலிருந்து ஃபோன் செய்து அழுதார். மாமாதான் தேற்றினார். "தும் டீக் போலா, பேட்டா. நீ சொன்னது சரி, நான்தான் கேக்கல" என்று இரண்டு மொழியும் கலந்து திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை அந்த வாஸ்லைன் டின்னை அதற்குப் பிறகு தொடவில்லை. தூக்கியும் எறியவில்லை. அது சாமி படத்துக்குக் கீழே, திருநீற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அத்தையின் குதிகால் பிளந்து ரத்தம் கசியும்.

வருடம் திரும்பியதும் செயற்கைக் கால் பொருத்தும் முகாம் ஒன்று வந்தது. மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாக இறக்கினோம். மெயின்லேண்டிலிருந்து வந்த டெக்னீஷியன் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசியதால் நானும் கூடப் போனேன். அளவெடுக்க மிச்சக் காலில் பிளாஸ்டர் சுற்ற வேண்டும் என்றார். பையிலிருந்து ஒரு வாஸ்லைன் டின்னை எடுத்துத் திறந்தார்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை அவரிடம் நீட்டினார்.

"நல்லா அப்பச் சொல்லு தாயி. முடி தெரியக் கூடாதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். டெக்னீஷியன் சிரித்தார், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மாமா என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "இவன் எதுக்குச் சிரமப்படுறான்? அளவு மின்னி பேயில நிக்குதே."

அந்த அச்சு சுத்தமாகக் கழன்றது. அன்று முழுக்க மாமா நன்றாக இருந்தார். நாற்காலியில் மேலே தூக்கி வரும்போது, அடுத்த தடவை உங்களுக்கு வேலை இல்லை, நானே ஏறிவிடுவேன் என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான், அந்தப் படியில் இறங்கி ரோட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஏறி வருவது.

அச்சு மெயின்லேண்டுக்குப் போனது. அங்கே கால் செய்து, கப்பலில் வர வேண்டும். கடல் சரியில்லை, பிறகு கப்பலே ரிப்பேர், பிறகு பெட்டி வேறெங்கோ இறங்கிவிட்டது. கால் வந்து சேர்ந்தபோது மாமாவின் மிச்சக் கால் மெலிந்துபோயிருந்தது. அச்செடுத்த கால் வேறு, மாட்ட வேண்டிய கால் வேறு. துணி உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு மாட்டினார்கள். மாமா வாசல்வரை நடந்தார். முதல் படியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். அத்தையும் நானும் பக்கத்துக்கு ஒருவராக நின்றோம். பிறகு திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தார்.

சில நாளில் உறை உரசிய இடத்தில் புண் வந்தது. இனி இதை மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிய அச்சு எடுக்க, புண் ஆற வேண்டும். அது ஆறவில்லை. அந்தக் கால் கதவுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு சாய்ந்து நின்றது. பிறகு வலது பாதத்தின் சுண்டுவிரல் நிறம் மாறியது. அத்தை அதைப் பார்த்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வீடுகளின் தகரக் கூரைகளுக்கு நடுவே கடல் ஒரு துண்டு தெரியும். கப்பல் சங்கு ஊதினால் எந்தக் கப்பல் என்று சொல்வார். சரியாகத்தான் சொல்வார். ரிசார்ட்டுக்குப் போன யாராவது, அந்த உருவத்தோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லாப் படத்திலும் வங்காளிக் கிழவரின் முகம்தான் நடுவில் இருக்கும். கால்களுக்கு முன்னால் குழந்தைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் மாமா இறந்துபோனார். படியில் இறக்கும்போது தூக்கியவர்களில் அந்த ராஞ்சிக்காரரும் இருந்தார். கனமே இல்லை என்று அவர் இந்தியில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்படி அத்தை என்னைக் கேட்கவில்லை. அத்தைக்குப் புரிந்தது.

ரிசார்ட் அதற்கு முன்பே நொடித்து மூடியிருந்தது. உப்புக் காற்றிலும் வெயிலிலும் உருவங்கள் வெடித்து, பெயிண்ட் உரிந்து, அவற்றைப் பின்பக்கக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். நான் இரண்டு தடவை போனேன். முதலாளி சொல்லாமல் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று காவலாளி சொன்னார். முதலாளி எங்கே என்றால் டெல்லி என்றார். கம்பி வழியாகப் பார்த்தேன். தோளும் முகமும் ஒருபுறம் கிடந்தன. கால்கள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது தடவை போனபோது கொட்டகை காலி.

நான் அங்கே போனது மாமா கேட்டதால். ரிசார்ட்டை மூடிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, அதத் தூக்கிப் போடுறப்ப அந்த இடது காலை மட்டும் கேட்டு வாங்கிட்டு வாரியா? முகம் யாரோடதோ, தோளு அந்த ராஞ்சிக்காரனோடது. அதுக நமக்கு வேணாம்."

"கொண்டாந்து என்ன செய்ய? எரிச்சாக்கூட நாறும் அது" என்றார் அத்தை, களைந்த தண்ணீரை ஊற்றியபடி.

"மேல கொண்டாற வேணாம்" என்றார் மாமா, அத்தையிடம் அல்ல, என்னிடம். "கீழ, ரோட்டோரம், முதப் படியில வச்சிரு தாயி. அது போதும்."